அண்ணியின் காலை வணக்கம்

என் கைப்பேசியில் ஒரு மங்கலான சதுரம் இருக்கிறது. மேலே சாம்பல், கீழே பச்சை, நடுவில் சற்றே இடப்பக்கமாக ஒரு சிவப்பு. எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும்போது என் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிகிறது. அதன் மேல் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் கீழ்நோக்கிய அம்புக்குறி. அந்த அம்பைத் தொட்டால் படம் இறங்கித் தெளிவாக வேண்டும். எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் புலனக் குழுவில் என் அண்ணி அனுப்பிய படம் அது. அனுப்பிய அன்றைக்கு நான் அதைத் தொடவில்லை.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. கிள்ளானில் வீடு, தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை. காலையில் கொமுட்டர் ரயில், மாலையில் மறுபடி கொமுட்டர் ரயில். இந்த ஓட்டத்தில் போட்டோ எடுக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த ரயில் ஜன்னலிலிருந்துதான் வந்தது என்பார். கிளினிக்குக்கு வரும் ஒருவர் புதுக் கேமரா வாங்கிக்கொண்டு பழையதைத் தள்ளிவிடப் பார்க்க, அண்ணி அதை வாங்கிக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய பெண் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு நடந்தால் எங்கள் குடும்பம் சும்மா விடுமா? "என்னா அண்ணி, கல்யாணத்துக்கெல்லாம் ஆர்டர் எடுக்கிறீங்களா?" என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். "ஆமாலா பாப்பா, ஒனக்கு ரெண்டாங் கல்யாணம் வை, ஃப்ரீயா எடுத்துத் தரேன்" என்றார் அண்ணி. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் தலை நரைத்த பிறகும் அண்ணிக்கு நான் பாப்பாதான்.

சனிக்கிழமைகளில் அவருக்குப் பாதி நாள் வேலை. சில சனிக்கிழமைகளில் நான் செராஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் அவரைச் சந்திப்பேன். போட்டோவுக்காக இல்லை, உள்ளதைச் சொன்னால், அதற்குப் பிறகு கிடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்காகத்தான். ஆனால் சாப்பாட்டுக்கடை வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பசி செத்துவிடும். பத்தடி நடந்தால் நின்றுவிடுவார். பூக்கடைக்காரர் மாலையில் தண்ணீர் தெளிக்கும்போது எழும் தூறல், கடைக் கண்ணாடியில் தெரியும் ரயில் பாலம், குப்பைத் தொட்டியின் மேல் மகாராணிபோல் உட்கார்ந்திருக்கும் பூனை. "கொஞ்சம் இரு பாப்பா, வெளிச்சம் வரட்டும்." எனக்கா, வெயில் மண்டையைப் பிளக்கும். "இன்னும் எவ்வளவு வெளிச்சம் வேணும் அண்ணி உங்களுக்கு? சூரியனயே எறக்கிட்டு வரணுமா?" என்று கத்துவேன். அவர் காதில் எதுவும் ஏறாது.

ஒருநாள் மழை விட்டும் விடாத நேரம். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடமாட்டம் அதிகம். அன்றைக்கும் இரண்டு பேர் ஒரே குடைக்குள், ஒருவர் தோளில் மற்றவர் கை வைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார்கள். அண்ணி படம் எடுத்தார். எடுத்ததோடு விடாமல் பக்கத்தில் போய், "அண்ணே, கேக்காம ஒங்கள ஒரு படம் எடுத்துட்டேன். வேணாம்னா அழிச்சிடறேன்" என்றார். அவர்களில் மூத்தவர் தலையைச் சாய்த்து, "எப்படி இருக்கோம்? ஸ்மார்ட்டா இருக்கோமா?" என்று கேட்டார். "நனஞ்ச கோழி மாதிரி இருக்கீங்க. ஆனா குடை நல்ல நீலம். தரையில தண்ணி நிக்கிதுல்ல, அதுல ஒங்க ரெண்டு பேரும் தலகீழா தெரியிறீங்க" என்று அண்ணி விவரித்தார். அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் அப்போது சாப்பாட்டுக் கடையில் கூட்டம் சேர்ந்துவிடுமே என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சினிமாவுக்குக் கூட்டிப் போனாலும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை மாலைகளில் கிள்ளானில் புதுப் படம் வந்தால் நாங்கள் இருவரும் போவது வழக்கம். கதாநாயகன் அடித்து நொறுக்கிக்கொண்டிருப்பான், அரங்கமே விசிலடிக்கும், அண்ணி என் காதோரம், "பின்னால அந்த ஜன்னல் வெளிச்சத்த பாத்தியா?" என்பார். படம் முடிந்து வெளியே வந்தால் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். இதெல்லாம் எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது எந்தப் படத்துக்குப் போனாலும் என் கண் முதலில் ஜன்னலைத்தான் தேடுகிறது.

எடுத்த படங்களை அண்ணி எங்கள் குடும்பக் குழுவில்தான் போடுவார். தினம் காலையில், ரயிலில் உட்கார்ந்ததும், ஒரு படம். சும்மா போடமாட்டார். அதன் மேல் மஞ்சள் எழுத்தில், ஓரத்தில் ரோஜாப்பூ ஒன்றையும் சேர்த்து, 'காலை வணக்கம்' என்று எழுதிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏற்கெனவே அந்தக் குழுவில் விடிந்தால் போதும், சாமி படம், குழந்தை படம், வெந்தயத் தண்ணீர் குடித்தால் தீரும் நோய்கள் என்று வந்து கொட்டும். அதற்கு நடுவே இதுவும் இன்னொரு காலை வணக்கம். "நல்ல படத்து மேல ஏன் அண்ணி இந்த மஞ்சளப் பூசுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். அவருக்கு முகம் கூசிவிட்டது. "சும்மா படத்த மட்டும் போட்டா, என் படத்த பாருங்க பாருங்கன்னு பீத்திக்கிற மாதிரி இருக்கும் பாப்பா. வணக்கம் போட்டா மரியாதையா இருக்கும்லா" என்றார். பார்க்கச் சொல்ல வெட்கப்பட்டு, வணக்கம் சொல்லும் சாக்கில் காட்டினார். நாங்களும் அதை வணக்கமாகவே எடுத்துக்கொண்டோம். வணக்கத்துக்கு என்ன செய்வோம்? பதில் வணக்கம் போடுவோம். படத்தைத் திறக்காமலேயே, இரண்டு கூப்பிய கைகளைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் இடம் இல்லை, இடம் இல்லை என்று அது அலறிக்கொண்டே இருந்ததால், குழுவில் வரும் படங்கள் தானாக இறங்காதபடி எங்கள் வீட்டில் ஆளாளுக்கு நிறுத்திவைத்திருந்தோம். ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றவர். அம்பைத் தொட்டால்தான் படம் வரும். தொடாவிட்டால் மங்கலான சதுரத்தோடு சரி. இது அண்ணிக்குத் தெரியாது. தினமும் வரிசையாக வந்து விழும் கூப்பிய கைகளைப் பார்த்து, எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டார்கள் என்றே அவர் நினைத்திருந்தார்.

அண்ணி எதையும் போட்டுவைத்திருக்கிற ஆள் இல்லை. சமைத்த கையோடு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவதுபோல, படத்தைக் குழுவில் போட்டதும் கேமராவிலும் கைப்பேசியிலும் சுத்தமாக அழித்துவிடுவார். ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் கையைத் துடைத்துவிட்டு அவர் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "ஏன் அண்ணி, வச்சுக்கிட்டா என்னா?" என்று கேட்டேன். "அதான் குரூப்புல போட்டாச்சே. இத்தன பேர் கையில இருக்கு. எங்கிட்ட இருந்தாத்தான் தொலையும், ஒங்க எல்லார்கிட்டயும் இருக்கறது தொலையுமா?" என்றார். எனக்கு அப்போது அந்தப் பேச்சில் ஒன்றும் உறைக்கவில்லை. ரசம் வந்துவிட்டது, ஊற்றிக்கொண்டேன்.

அந்தச் சாம்பல், பச்சை, சிவப்புப் படம் வந்த காலையில் அண்ணி எனக்குப் போனும் செய்தார். வழக்கத்தில் அப்படிச் செய்யவே மாட்டார். "நேத்து செந்தூல் பக்கம் போனேன் பாப்பா. ஒங்க பழைய வீடு இருந்த லைன் பக்கம். ஒன்னு கெடச்சுது. ஒனக்காகத்தான் இன்னிக்குப் போட்டிருக்கேன்" என்றார். நானும் அண்ணனும் பிறந்து வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் அங்கேதான் இருந்தது. எனக்கு ஆபீசில் கூட்டம், பின்னால் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். "அண்ணி, மீட்டிங்..." என்று இழுத்தேன். "சரி சரி, வேலையப் பாரு. மெதுவா பாரு. எங்க போயிடப் போவுது?" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று மாலைக்குள் அந்தப் படத்துக்குக் கீழே இன்னும் எத்தனையோ வணக்கங்கள் வந்து சேர்ந்து அதை மேலே தள்ளிவிட்டன.

அதற்குப் பிறகு சில மாதங்கள்தான். தலைவலி என்று படுத்தவர் விடிவதற்குள் போய்விட்டார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அன்றைக்குக் காலையில் குழுவில் அண்ணியின் படம் வரவில்லை. அண்ணன் போன் செய்து அழும்வரை, படம் வரவில்லையே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாத ஒரு மனிதர், எடுத்த படத்தில் எப்படி இருக்கிறோம் என்று நின்று கேட்டுவிட்டுப் போனார். கண் நன்றாகத் தெரிகிற நாங்கள் யாராவது ஒருநாள் ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருப்போமா?

அடுத்த வருடம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மண்டபத்தில் அம்மாவின் உருவப்படத்தை மாலை போட்டு வைத்துவிட்டு, வருகிறவர்கள் உச்சுக்கொட்டுவதைத் தன்னால் பார்க்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். "அதுக்குப் பதிலா அம்மா எடுத்த படங்கள மாட்டலாம் அத்தை. சுவர் முழுக்க. குரூப்புல போட்டதெல்லாம் ஒங்க ஃபோன்ல இருக்கும்ல?" என்று கேட்டாள். "இல்லாம எங்கடா போவும்" என்று சொல்லிக்கொண்டே நானும் அவளும் உட்கார்ந்து குழுவை மேலே தள்ளத் தொடங்கினோம். மங்கலான சதுரம். அதன் கீழே கூப்பிய கைகள். இன்னொரு மங்கலான சதுரம். மறுபடி கூப்பிய கைகள். தள்ளத் தள்ள அதுவேதான் வந்தது. அம்பைத் தொட்டால் எதுவும் இறங்கவில்லை. "ரொம்ப நாள் ஆயிட்டா சர்வர்ல வச்சிருக்க மாட்டாங்க அத்தை" என்றாள் பிள்ளை, மிக மெல்லிய குரலில். அவள் கைப்பேசியிலும் அதே கதைதான். அதனால் அவளால் யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

குழுவில் எல்லோரையும் கேட்டோம். என்னிடம் இல்லை, உன் மாமாவிடம் இருக்கும் என்றார் ஒருவர். என்னிடம் இல்லை, சித்தி எதையும் அழிக்கமாட்டாள், அவளிடம் கேள் என்றார் மாமா. எல்லோரிடமும் இருக்கிறது என்று அண்ணி நம்பியிருந்தார். யாராவது ஒருவரிடம் இருக்கும் என்று நாங்கள் நம்பினோம். கடைசியில், தவறிப்போய் எப்போதோ விரல் பட்டுத் திறந்துகொண்டவை மட்டும் மிஞ்சின. ஒரு பூனை, மழையில் ஒரு ரயில் நிலையம், கொஞ்சம் பூக்கள், ஒரு தீபாவளிக்கு அண்ணன் வீட்டு வாசலில் குவிந்திருந்த செருப்புகள். நீலக் குடைக்காரர்கள் கிடைக்கவே இல்லை.

சுவர் முழுக்க மாட்ட நினைத்தவள், ஒரு மூலையில் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டு அவற்றைத் தொங்கவிட்டாள். மஞ்சள் எழுத்தை எடுத்துவிடலாமா என்று படங்களை அச்சிட்டுத் தந்த கடைக்காரர் கேட்டபோது வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். விருந்துக்கு வந்தவர்கள், "சாயங்காலத்துல என்னா காலை வணக்கம்?" என்று சிரித்துக்கொண்டே நின்று பார்த்தார்கள். அண்ணன் செருப்புப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு என்னைக் கூப்பிட்டு ஓரத்தில் இருந்த பச்சை வார் வைத்த ஜோடியைக் காட்டினான். "இது ஒன் அண்ணியோடது. அப்ப படம் எடுக்கறப்ப வெறுங்கால்ல நின்னுருக்கா" என்றான். அவ்வளவு நேரம் பந்தி, மொய் என்று ஓடிக்கொண்டிருந்தவன், அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

போன மாதம் நானும் அண்ணன் மகளும் செந்தூலுக்குப் போனோம். நாங்கள் குடியிருந்த லைன் இருந்த இடத்தைத் தகரம் போட்டு அடைத்துவிட்டார்கள். உள்ளே அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. என் கைப்பேசியில் அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இங்கே நின்று எடுத்திருப்பாரோ, அங்கே நின்றோ என்று தகர வேலியைச் சுற்றிவந்தோம். சாம்பல் வானமாக இருக்கும், பச்சை புல்லாக இருக்கும். அந்தச் சிவப்பு? "பாட்டி வெச்ச செம்பருத்தியா அத்தை?" என்றாள் பிள்ளை. எங்கள் வீட்டு முன்னால் செம்பருத்தி இருந்தது உண்மைதான். எங்கள் வாசற்படியும் சிவப்புதான். அந்தப் பக்கம் நடந்து போன யாரோ ஒருவரின் சட்டையாகவும் இருக்கலாம். எனக்காக எடுத்த படம் என்றார். என்ன படம் என்று எனக்குத் தெரியாது.

அந்தத் தகர வேலியை, மேலே தெரிந்த வானத்தோடு, நான் ஒரு படம் எடுத்தேன். மறுநாள் காலையில் அதன் மேல் மஞ்சள் எழுத்தில் காலை வணக்கம் என்று எழுதி, ரோஜாப்பூவும் வைத்துக் குழுவில் போட்டேன். படம் இறங்கும் நேரம்கூட ஆகவில்லை. கூப்பிய கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழத் தொடங்கின. இவ்வளவு கைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

நான் குழுவை மேலே தள்ளி, அந்தச் சாம்பல், பச்சை, சிவப்புச் சதுரத்துக்குப் போனேன். அம்பைத் தொட்டேன். வட்டம் ஒருமுறை சுற்றியது. பிறகு ஒவ்வொரு தடவையும் வரும் அதே வரி வந்தது: இந்தப் படம் இப்போது இல்லை, அனுப்பியவரிடம் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்.