முகட்டில் திரும்பிய மான்

நாங்கள் வளைகுடாவில், முவைலா என்ற ஊரில் குடியிருந்த வருடங்களில், குளிர்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போவோம். ஜீப் என் கணவரின் மேனேஜருடையது. அவரும் தமிழர்தான். தார்ச்சாலை முடியுமிடத்தில் இறங்கி, மணலில் புதையாமலிருக்க டயர்களில் காற்றைக் குறைப்பார். அதே நேரத்தில் நாங்கள் எல்லோரும் சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுவோம். மணலில் போலீஸ் இல்லை அல்லவா? பெல்ட் அபராதத்துக்குப் பயந்து போடுவது என்றுதான் நம்மவர்கள் நினைப்பு.

அன்று ஒரு முட்புதருக்குப் பின்னாலிருந்து மான் ஒன்று எழுந்து ஓடியது. மேனேஜர் ஜீப்பை அதன் பின்னால் விட்டார்.

“மான் நேரா ஓடாது மேடம். நம்ம பக்கத்துலயே ஓடிட்டு திடீர்னு குறுக்கே பாயும். அந்தப் பக்கத்தை முன்னாடியே மறிச்சிடணும். வேட்டைக்காரன் கத்துக்க வேண்டியது அவ்வளவுதான். விடாம விரட்டினா தானா படுத்துரும், துப்பாக்கியே வேணாம்.”

“சார் காட்டுலயே பொறந்தவர் மாதிரி பேசுறீங்க” என்று முன் சீட்டிலிருந்து என் கணவர் சிரித்தார்.

என் மகளுக்கு ஒன்பது வயது. “அங்கிள், ப்ளீஸ் ஸ்டாப். ஷீ இஸ் டயர்ட்” என்றாள்.

“இது உங்க ஸ்கூல் டிராமா இல்ல பாப்பா. கெட்டியா பிடிச்சுக்க.”

“நிறுத்தச் சொல்லுங்க” என்றேன் கணவரிடம்.

“சும்மா இரேன். சார் பாத்துக்குவார்.”

மான் ஒரு மணல்மேட்டில் ஏறியது. முகட்டைத் தொட்டதும் அதன்மீதே பக்கவாட்டில் திரும்பி ஓடிவிட்டது. மறுபக்கம் செங்குத்துச் சரிவு என்று அதற்குத் தெரிந்திருந்தது. மானைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்குத் தெரியவில்லை. ஜீப் நேராகப் பாய்ந்து மூக்கால் மணலில் குத்தியது. மகள் முன் சீட்டில் மோதினாள். புருவம் பிளந்து ரத்தம் என் மடியெல்லாம் வழிந்தது.

“சே, தப்பிச்சிருச்சு” என்றார் அவர். முதல் வார்த்தை அதுதான்.

வேறொரு வண்டியில் வந்தவர்கள் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வழியெல்லாம் என் கணவர் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார்: “விளையாடும்போது விழுந்தாள்னு சொல்லிடு. கார்ல அடிபட்டதுன்னா போலீஸ் வரும். மான் விஷயம் தெரிஞ்சா சார் உள்ளே போயிடுவார். அப்புறம் என் வேலை?”

மலையாளி நர்ஸ் எப்படி அடிபட்டது என்று கேட்டார். மேனேஜரே முந்திக்கொண்டார்: “பார்க்ல சறுக்குமரத்துல இருந்து விழுந்துட்டா சிஸ்டர்.” என் கணவர் தலையாட்டினார். பெரியவர்கள் இருவர் தன் முகத்துக்கு நேராகப் பொய் சொல்வதை, கட்டுக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் கண்ணால் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார்ல அடிபட்டது” என்றேன். “இவர்தான் ஓட்டினார். மானைத் துரத்தினார். போலீஸைக் கூப்பிடுங்க.”

என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வேலை போகலாம், ஊருக்கே திரும்ப வேண்டியிருக்கலாம் என்பது எனக்கும் தெரியும். போகட்டும்.

மேனேஜர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். “ஒரு மானுக்காகப் போலீஸா மேடம்?”

தையல் போடப் படுக்க வைத்திருந்த என் மகள் அப்போதும் அவர் கண்ணில் படவில்லை.