டேனியின் தோளும் ராணியின் ஒற்றை விரலும்

1986-ல் என் மனைவி கிருபாராணிக்குப் பார்சிப்பனி என்ற அமெரிக்க ஊரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் வேலை. நான் ரூஃபஸ், அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டில் சமையல் என்னுடையது. எங்கள் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்ததும் அந்தக் கிளினிக்தான்.

தோள் வலியோடு டேனி வந்தான். கல்லூரி பேஸ்பால் அணியின் பிட்சர், பந்து எறிபவன். திங்கள்தோறும் இன்ச் டேப்பால் கையை அளப்பது ராணியின் வழக்கம். ஆறே வாரத்தில் இரண்டு அங்குலம் பருத்திருந்தது. முகமெல்லாம் பரு வேறு. முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கச் சொல்லி, மணிக்கட்டில் ஒற்றை விரலால் அழுத்தினாள். அம்மாம் பெரிய கை பொசுக்கென்று உள்ளே சாய்ந்தது.

தசையை ஊதவைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையா என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டான். புஜமும் மார்பும்தான் ஊதியிருந்தன. எறிந்த கையைப் பிடித்து நிறுத்தும் பின்தோள் தசைகள் நோஞ்சானாகவே இருந்தன. எறிந்தால் கிழிந்துவிடும். அத்தனையும் எழுதி, ‘எறியக் கூடாது’ என்று முடித்தாள்.

கிளினிக் முதலாளி அந்தச் சீட்டைப் படித்தார். பாதி நோயாளிகள் அந்தக் கல்லூரிக்காரர்கள். மாற்றி எழுதச் சொன்னார். அன்றிரவு நானும் அவளிடம் கெஞ்சினேன்.

"ஃபிட்டுன்னு ஒரு வார்த்தை எழுதிடேன் ராணி. நம்ம கிரீன் கார்டு என்ன ஆகும்?"

"அவன் கை என்னங்க ஆகும்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஊர்ப்புத்தி விடுமா? முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு முதலாளி முன் போய் நின்றேன். அவள் கொஞ்சம் பிடிவாதக்காரி, நான் சொன்னால் கேட்பாள் என்று அளந்துவிட்டேன். மனுஷன் அவளைக் கூப்பிட்டு, உன் கணவரே சம்மதித்துவிட்டார் என்று புதுச் சீட்டை நீட்டினார்.

ராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்குத் தோள் தெரியும். அவருக்கு முறுக்குதான் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றே வேலை போயிற்று.

காரில் கேட்டாள்: "என்னைக் கேக்காம ஏன் போனீங்க?"

"பயந்துட்டேன்."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?"

வெட்கத்தில் செத்தேன். மறுநாளே அவள் ஃபோன் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிட ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் வேலை கிடைத்தது. கிரீன் கார்டு மனு மறுபடி முதலிலிருந்து.

டேனி அங்கேயும் தேடிக்கொண்டு வந்தான். மாத்திரையை விட்டிருந்தான், அணியும் அவனை விட்டிருந்தது. ஒருக்களித்துப் படுத்து, இரண்டு பவுண்டு எடையைத் தூக்கி இறக்க வேண்டும். குழந்தைகள் தூக்கும் எடை என்று அழுதான். "இன்னும் பத்து" என்பாள் ராணி. பத்து மாதம் அதையே சொன்னாள்.

ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். டேனியின் மணிக்கட்டில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. நீங்களும் அழுத்திப் பாருங்க."

இரண்டு கையாலும் அழுத்தினேன். இம்மிகூட அசையவில்லை. ராணி சிரித்தாள். கிரீன் கார்டு வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அன்று நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.