சித்தப்பா மகளின் நிம்மதி

பூமாரியும் சுந்தரம்மாளும் ஒரே வயதுப் பிள்ளைகள் என்றுதான் தெருவில் பேச்சு. கணக்குப் பார்த்தால் பூமாரி சில மாதங்கள் மூத்தவள். அவர்களுடைய அப்பாமார் அண்ணன் தம்பி. சங்கரன்கோவிலில் ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு வீடாகக் கட்டிக்கொண்டவர்கள். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள்.

தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில் பாவாடை எடுப்பார்கள். உடுத்தி வெளியே வந்தால் பார்க்கிறவர்கள் கண் சுந்தரம்மாள் மேல்தான் போகும். அவள் நல்ல நிறம். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். எஸ்.எஸ்.எல்.சி.யில் அவள் பாஸ், பூமாரி பெயில். இதில் எதுவும் சுந்தரம்மாள் கண்ணில் பட்டதே இல்லை. "அக்கா, அக்கா" என்று பூமாரி பின்னாலேயே சுற்றுவாள். அவள் கொஞ்சம் கர்வம் பிடித்தவளாக இருந்திருந்தால்கூடப் பூமாரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுபத்தொன்றாம் வருஷம், ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு சுந்தரம்மாளுக்கு ஒரு வரன் வந்தது. கரிவலம்வந்தநல்லூர்க்காரர் சண்முகையா. மின்சார வாரியத்தில் வயர்மேன் வேலை. ஊருக்கு ஊர் கரண்டு கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலைக்கு அப்போது இருந்த மதிப்பே தனி. பெண் பார்க்க வந்த அன்று பூமாரிதான் காபி தம்ளர்களைக் கழுவிக் கொடுத்தாள். அடுப்படி வாசலில் நின்று மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். மூத்தவள் நான் இங்கே நிற்கிறேன், ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் மாவு மில்லில் முத்துத்தாயைப் பார்த்தாள். சண்முகையாவின் அம்மா. தங்கச்சி வீட்டுக்கு வந்தவள், அவர்களுக்காக மல்லி அரைக்க வந்திருந்தாள். மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, பூமாரியின் காதில் கேட்டாள்.

"ஏட்டி, நீ அந்தப் பிள்ளைக்குப் பெரியப்பா மகதானே? சும்மா கேக்கேன். பிள்ளை எப்படி?"

"ரொம்ப நல்ல பிள்ளை அத்தை" என்றாள் பூமாரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாத்திரை ஒழுங்கா தின்னா ஒண்ணும் வராது. அமாவாசைக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடணும்."

முத்துத்தாயின் முகம் சுருங்கியது. "என்ன மாத்திரை?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? நான் சொன்னதா சொல்லிராதீக அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. மிஷின் நின்றது. முத்துத்தாய் சுடச்சுட மல்லித்தூளை வாங்கிக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு நடந்து வந்து சேர்ந்தது. சுந்தரம்மாளுக்கு வலிப்பு உண்டாம் என்று தெருவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரனும் பாதி வழியில் திரும்பிப் போயின. பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. மகளைக் கோமதி அம்மன் சன்னதிக்குக் கூட்டிப் போய், புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். இல்லாத நோய்க்குச் சுந்தரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மண்ணைக் குடித்ததைப் பூமாரி பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

தை மாதம் முத்துத்தாய் மறுபடியும் அந்தத் தெருவுக்கு வந்தாள். இந்தத் தடவை பூமாரியைக் கேட்டு. கல்யாணத்தன்று பூமாரிக்குத் தலைபின்னிப் பூ வைத்தது சுந்தரம்மாள். "அக்கா, உனக்கு நல்லா அமைஞ்சிட்டு" என்று கன்னத்தைத் தடவிச் சொன்னாள். அந்த விரல் பட்ட இடம் பூமாரிக்கு வெகு நாள் உறுத்தியது.

விரும்பியதெல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. கரிவலத்தில் மச்சு வீடு, குணமான புருஷன், அடுத்தடுத்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும். ஆனால் பொறாமை தீரவில்லை. சண்முகையா ஒரு நாள் யதார்த்தமாக, "உன் சித்தப்பா மகளை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். பாவம், உடம்பு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார். அன்று பூமாரி சோற்றை வடிக்கும்போது கையில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டாள். இவருக்கு முதலில் பிடித்தது அவளைத்தானே என்ற நினைப்பு எப்போதும் கூடவே படுத்து எழுந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவளுக்கு உயிரே போய்விடும். கை கால் இழுக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு தடவையும் அப்படி எதுவும் வரவில்லை. வந்துவிடும் என்ற பயம் மட்டும் போகவில்லை.

சுந்தரம்மாள் இதற்கிடையில் ஊரைவிட்டுப் போயிருந்தாள். தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. அங்கேயே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டு அவள் அப்பா தடுக்கப் போகவில்லை. எழுபத்தொன்பதில் தாய்க்கு உடம்பு முடியாமல் போனதும் திரும்பி வந்தாள். மேலநீலிதநல்லூரில் பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ச் சர்ச்சுக்குப் போவாள்.

அம்மா வீட்டுக்கு வந்திருந்த பூமாரி அவளைப் பார்த்தாள். வாடி வதங்கி வருவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். சுந்தரம்மாளோ வெள்ளைச் சேலையில், கழுத்தில் ஒன்றும் இல்லாமல், குழந்தைகள் வரைந்த யானையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி படுத்தால் தூங்குவதாகச் சொன்னாள். "நீ ஏங்க்கா இப்படி மெலிஞ்சிட்ட?" என்று கேட்டாள்.

வந்த வரனை எடுத்தாயிற்று, பெயரைக் கெடுத்தாயிற்று. இந்த நிம்மதி இவளுக்கு எங்கே கிடைத்தது? பூமாரிக்கு ஆற மாட்டாமல் போயிற்று. அதைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போனாள். உள்ளே போகவில்லை. தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம் அது. ஜன்னல் ஓரமாக வேப்பமரத்தடியில், யாருக்கோ காத்திருப்பவள் போல நின்றாள். அதற்குப் பிறகும் போனாள். கரிவலத்திலிருந்து பஸ் ஏறி, அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் பிரசங்கத்தில் உபதேசியார் சிலுவையைப் பற்றிப் பேசினார். "அடிபட்டவங்களுக்கு மட்டுந்தான் ஆண்டவருன்னு நினைக்காதீங்க. தன் கையில ஆணி அடிச்சவனுக்காகத்தான் அவரு முதல்ல ஜெபம் பண்ணுனாரு. அடிச்சவனும் உள்ள வரலாம். அவனுக்கும் சேத்துத்தான் ரத்தம் சிந்தியிருக்கு."

பூமாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆண்டவர் சுந்தரம்மாளுடைய சாமி, நல்லவளுக்குத் துணைக்கு வந்த சாமி என்றுதான் அவள் அதுவரை எண்ணியிருந்தாள். அன்று முதல் தடவையாக உள்ளே போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். முன்வரிசையில் இருந்த சுந்தரம்மாள் திரும்பிப் பார்த்து, எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இவளுக்கு முதலில் கிடைத்துவிட்டதே, எனக்குப் பிந்தித்தானே என்று அந்த அழுகைக்கு நடுவிலும் பூமாரிக்குப் பொறாமையாக இருந்தது.

கடவுளிடம் மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாமா என்று பல மாதம் பார்த்தாள். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் மாவு மில்தான் தெரிந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் மேலநீலிதநல்லூருக்கு பஸ் ஏறினாள். பால்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். சுந்தரம்மாள் கோதுமை உப்புமா கிண்டிய சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சுந்தரம், உனக்கு வலிப்புன்னு சொன்னது யாரு தெரியுமா?"

"யாரோ சொன்னாவ. இப்ப எதுக்குக்கா அது?"

"நான்தான் சொன்னேன். அவரு அம்மைகிட்ட, மாவு மில்லுல வச்சு. உன்னைக் கட்டிரக் கூடாதுன்னு சொன்னேன்."

சட்டியைத் தேய்த்த கை நின்றது. சுந்தரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

"எங்கம்மை என்னைய மண்ணைக் குடிக்க வச்சாளே" என்றாள் மெதுவாக. "நீ பக்கத்துல நின்னியேக்கா."

"நின்னேன். என்னை மன்னிச்சிரு சுந்தரம்."

"போ. இப்ப போயிரு. பிள்ளைக தூங்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரம்மாள் சர்ச்சுக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூமாரி அவளைத் தூரத்திலிருந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வாய் இறுகியிருந்தது. அந்த முகத்தில் நிம்மதி இல்லை. இப்படி ஒரு முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் ஆசைப்பட்டோம் என்று பூமாரி நினைத்தாள். ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. ஆண்டவரே, அவளுக்கு அதைத் திருப்பிக் கொடும், எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நின்ற இடத்திலேயே வேண்டினாள். சுந்தரம்மாளுக்கு ஒன்று கிடைக்க வேண்டும் என்று அவள் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே மாமியாரிடமும் புருஷனிடமும் சொன்னாள். முத்துத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பாவி, என் வாயாலயும்லா ஒரு பிள்ளையைக் கெடுக்க வச்சிட்ட! நான்லா நாலு பேருகிட்ட சொன்னேன்!" சண்முகையா சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த மாதம் முழுக்க அவளிடம் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாய் திறந்தார்.

பிறகு பூமாரி, பிறந்த தெருவுக்குப் போய் வீடு வீடாகச் சொன்னாள். "சுந்தரத்துக்கு எந்த நோயும் கிடையாது. நான் பொறாமையில சொன்ன பொய்." சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். சித்தி கட்டிலில் படுத்தபடி கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தப்பா, "வெளிய போடி" என்றார். அவள் போனாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நெல் அறுப்புச் சமயத்தில் ஒரு நாள் சுந்தரம்மாள் கரிவலத்துக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"உன் முகத்தைப் பாத்தா இன்னும் கோவம் வருதுக்கா. பொய் சொல்ல மாட்டேன். நீ தெருவுல சொன்னதுக்காகவும் நான் வரல. எனக்கு ஜெபமே வராமப் போச்சு. நேத்து உன் பேரைச் சொல்லிப் பாத்தேன். இவளை மன்னிக்கேன்னு சொன்னேன். வாயி வந்திட்டு. மனசு பின்னால வரும்."

"உள்ள வாட்டி" என்றாள் பூமாரி.

"தண்ணி கொடு. குடிச்சிட்டுப் போறேன்."

சொம்பு நிறையக் குடித்தாள். அவள் போன பிறகு பூமாரி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் பத்து வருஷமாகக் கிடந்த ஏதோ ஒன்று அங்கே இல்லை. இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தாள். மகள் அன்று காய்ச்சலோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, பூமாரி அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

எண்பத்துமூன்றில் அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். சண்முகையா சேரவில்லை. "உனக்கு வேணும்னா போ" என்று, பஸ் ஏற்றிவிட மட்டும் வந்தார். பின்னாளில் சுந்தரம்மாளுக்கு ஒரு வாத்தியார் வரன் வந்தது. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். பால்வாடியே போதும் என்றாள்.

பூமாரிக்குப் பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேத பாடம் வாசிக்கச் சுந்தரம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் கணீரென்று வாசித்தாள். முடிந்து வெளியே வந்ததும் பூமாரி அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, நீ வாசிச்சதைக் கேக்கும்போது எனக்குப் பொறாமையா இருந்துச்சு. சொல்லிட்டேன்."

சுந்தரம்மாள் கன்னத்தில் குழி விழ, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "அடுத்த வருஷம் நீ வாசி அக்கா. எனக்குப் பொறாமையா இருக்கான்னு பாப்போம்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள்.