ஒரு சாணுக்குள் போலந்து

எங்கள் வீட்டுக்கு உலகம் வந்ததே ஓதம் ஏறிய சுவரை மறைக்கத்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடு அது. மழைக்காலத்தில் சுவர் தானாகவே தீவும் கண்டமுமாக வரைந்துகொள்ளும். அதைச் சகிக்க முடியாமல் இருந்த அம்மா, பெரியபாளையம் ஆடித் திருவிழாக் கடையில் கட்டில் அகலத்துக்கு ஓர் உலகப் படம் தொங்குவதைப் பார்த்ததும், ஆறாவது படிக்கிற பெண்ணுக்கு உதவும் என்று சொல்லி நைனாவை வாங்க வைத்துவிட்டாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். படம் முழுக்கத் தமிழ். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டியிருந்ததால் எண்ணெய்க் கை பட்டாலும் துடைத்துவிடலாம். அம்மாவைப் பொறுத்தவரை அதுதான் அந்த உலகத்தின் பெரிய சிறப்பு.

அவள் எதையும் சாண் போட்டே அளப்பாள். என் பாவாடை உயரம், அலமாரிப் பலகை, மீன்காரம்மா கூடையில் கிடக்கும் வாளை, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கைதான். மாமா மஸ்கட்டில் வெல்டராக இருந்தபோது அந்த ஊரையும் அப்படித்தான் அளந்தாள். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. சென்னை என்று போட்டிருந்த புள்ளியில் கட்டைவிரலை ஊன்றிக் கையை விரித்தால், மஸ்கட் அரைச் சாணுக்கும் உள்ளேயே கிடந்தது. அந்த வருஷம் தாத்தா இறந்துபோனார். செய்தி போன மறுநாள் பொழுது சாய்வதற்குள் மாமா வந்து இறங்கி, தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தார். அன்றோடு அம்மாவின் மனசில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. அரைச் சாணில் இருக்கிறவன் ஒரே நாளில் வந்துவிடுவான். ஒரு சாண் என்றால் கொஞ்சம் முன்னேபின்னே ஆகும், ஆனாலும் வந்துவிடுவான். அதற்கு அப்பால் போனவன் கடைசியாக முகம் பார்க்கக்கூட வந்து சேரமாட்டான். அவளைப் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது இடுப்பில் தூக்கி வளர்த்த இந்தத் தம்பி ஒருவன்தான்.

மஸ்கட் வேலை முடிந்து வந்து எங்கள் வீட்டோடு தங்கிய மாமாவுக்கு இங்கே எதுவும் நிலைக்கவில்லை. எந்தக் கம்பெனியிலும் கான்ட்ராக்ட், கொஞ்ச காலம் ஆனதும் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் போலந்தில் வெல்டர் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொன்னார். மாமாவின் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு பளிச்சென்று ஆனது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அது எங்கே இருக்கிறது?

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! ரோலிங் மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்த நைனா, சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் பிரேசில் மேல் விரலை வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, போலந்துக்காரனும் ஃபுட்பால் ஆடுவான், அதனால் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். அடுத்த வீட்டு அத்தையின் கொழுந்தனார் சிங்கப்பூரில் இருந்தார். அதனால் அத்தைக்கு வெளிநாடு என்றாலே சிங்கப்பூரும் அதன் அக்கம்பக்கமும்தான், அங்கேயே தேடினார். போகப்போகிற மாமாவோ, அது பயங்கரக் குளிர் ஊர் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, படத்தின் அடியில் வெள்ளையாகக் கிடந்த பனிக்கட்டி ஓரமாகவே முட்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கண்டுபிடித்தவள் நான்தான். ஐரோப்பாவில் ஏழு நாடுகளுக்கு நடுவே, ஷேர் ஆட்டோவில் கடைசியாக ஏறியவன் மாதிரி இடுக்கிக்கொண்டு இருந்தது அந்தப் பெயர்.

அம்மா கையை ஈரம் போகத் துடைத்துவிட்டு வந்தாள். சென்னையில் கட்டைவிரல். சுண்டுவிரலை இழுத்து இழுத்துப் பார்த்தாள். போலந்துக்கு இன்னும் ஒன்றரை விரல் அகலம் பாக்கி இருந்தது.

"வாணாம்டா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமா சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பிடும்போது தட்டையே பார்த்தார், என்னைச் சீண்டுவதை நிறுத்திவிட்டார். அக்கா வேண்டாம் என்றதை மீறிப் போகிற ஆளில்லை அவர். காலையில் தன்னோடு வேலை பார்த்தவர்கள் கம்பெனி பஸ் ஏறுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து மறுபடியும் படுத்துக்கொள்வார். அம்மாவும் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு இருவர் மேலும் பாவமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா திடீரென்று எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றார்.

"இன்னாக்கா நீ, மெட்ராஸ்லேர்ந்து அளந்துகினு கீற? நாம இன்னா மெட்ராஸ்லயா கீறோம்?"

நியாயமான கேள்வி. எங்கள் ஊர் அந்தப் படத்தில் இல்லை. அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மாமா சுறுசுறுப்பாக விளக்க ஆரம்பித்தார். சென்னையில் ரயில் ஏறினால் மீஞ்சூர் தாண்டி, எத்தனையோ ஸ்டேஷன் தாண்டித்தானே கும்மிடிப்பூண்டி வருகிறது? அதே தண்டவாளம்தானே அப்படியே டெல்லி வரைக்கும் போகிறது? அப்படியானால் நம் ஊர் சென்னைக்கு எவ்வளவு மேலே இருக்க வேண்டும்? சொல்லிக்கொண்டே கண்ணாடியில் அம்மா ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றைப் பிய்த்தெடுத்தார். விரலைச் சென்னையிலிருந்து மேலே கொண்டுபோய், அப்படியே இடது பக்கம் தள்ளிக்கொண்டே போய், குஜராத்தின் கடற்கரையில் அதை ஒட்டினார்.

"பாரு, கடலும் பக்கத்துலயே கீது."

எனக்கு வாய் திறந்துகொண்டது. அந்தக் கடல் பொட்டுக்கு இடதுகைப் பக்கம் இருந்தது. எங்கள் கடல் வலதுகைப் பக்கம். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். நைனா படத்தை ஒரு பார்வை, மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மா அந்தப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக் கையை விரித்தாள். சுண்டுவிரல் சுகமாகப் போலந்தின் மேல் போய் உட்கார்ந்தது.

"சரி, போய்ட்டு வா," என்றாள்.

மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரர் எங்கள் மாமாதான், அம்மா ஒரு வெகுளி என்று எனக்கு அன்றைக்கு முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் விமானநிலையத்தில் அம்மா அழவே இல்லை. ஸ்வெட்டரை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லி, பவானி அம்மன் குங்குமத்தை மாமாவின் நெற்றியில் இட்டு அனுப்பினாள்.

இரண்டொரு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பார்த்தேன், பொட்டு குஜராத்தில் இல்லை. வலது பக்கக் கடலோரத்தில், சென்னைப் புள்ளியின் தலைக்கு மேல் ஒட்டிக்கொண்டு இருந்தது. படத்தைத் துடைக்கும்போது கையில் ஒட்டி இடம் மாறியிருக்கும் என்று நினைத்து, மாமாவைக் காப்பாற்ற அதை மறுபடியும் குஜராத்திலேயே கொண்டுபோய் ஒட்டினேன். மறுநாள் பொட்டு திரும்பவும் எங்கள் கடலோரத்துக்கு வந்துவிட்டது. இந்த முறை நான் பிய்க்கும்போதே அம்மா பின்னால் வந்து நின்றாள்.

பழவேற்காட்டுக்கு மீன் வாங்கப் போனால், கிழக்கே கடலிலிருந்து எழும் சூரியனைக் கும்பிட்ட பிறகுதான் அவள் பேரமே ஆரம்பிப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் ஞாபகம் வரவில்லை. கள்ளத்தனம் வெளிப்பட்டுவிட்டது, இனி போனைப் போட்டு மாமாவைத் திட்டித் திரும்பி வரச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பொட்டை என் விரலிலிருந்து மெல்ல எடுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டி அழுத்தினாள்.

"மாமாவாண்ட சொல்லாத. பாவம், அவ்ளோ கஷ்டப்பட்டு ஊர நவுத்தி வெச்சான்."

சொல்லும்போது சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல சாயங்காலங்களில் அவளைப் பார்த்திருக்கிறேன். விளக்கேற்றிவிட்டு அந்தப் படத்தின் முன்னால் வந்து நிற்பாள். கட்டைவிரலைக் கடலோரத்துப் பொட்டில் வைத்து, கையை முடிந்தவரைக்கும் விரிப்பாள். சுண்டுவிரல் போலந்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். அப்படியே கொஞ்ச நேரம் நிற்பாள். ஆள் போயாகிவிட்டது, போனும் தினமும் வருகிறது, தெரிந்த தூரத்தை இந்த அம்மா எதற்கு இன்னும் அளந்துகொண்டே இருக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.