மலைச்சாமி கையில் ரோமன் தேதி

இது நடந்த கதை. பழங்காநத்தத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சரி, குறைக்கவில்லை என்பது மட்டும் நிஜம். வெறும் சோற்றை யார் தின்பார்கள்? கொஞ்சம் குழம்பு ஊற்றித்தான் பிசைந்திருக்கிறது. ஆள் நிஜம், கை நிஜம், கையில் ஏறிய தப்பும் நிஜம். மீசை நீளத்தில் மட்டும் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெயபாண்டிக்குப் பழங்காநத்தத்தில் டாட்டூக் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பச்சை குத்திக்கொள்ள வருகிறவர் மூச்சை இழுத்தால் ஜெயபாண்டி மூச்சை விட வேண்டும், அம்புட்டுத்தான் இடம். அதே இடத்தில் முன்பு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தார். காரின் பின்கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டுகிற எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் வெளியே நிற்பவனுக்கு நேராகத் தெரியும். வெட்டி வெட்டி, தாளைக் கண்டாலே புரட்டிப் போடுவது அவர் கைக்கு வழக்கமாகிவிட்டது. வடை மடித்து வந்த தாளைக்கூட ஒரு புரட்டுப் புரட்டித்தான் பிரிப்பார். வடை கீழே விழும்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வகுப்பு வாசலில் எழுதியிருந்த V என்ற எழுத்தை, வாத்தியார் வேலுச்சாமியின் இனிஷியல் என்றே பல வருடம் நம்பியிருந்தார். அந்த ஆளிடம் போய், இந்தக் காலத்துப் பையன்கள், "அண்ணே, பொறந்த தேதிய ரோமன்ல போட்டுவிடுங்க. அதுதான் கெத்து" என்று கையை நீட்டினால் என்ன செய்வார்?

எதிரே சலூனில் ரோமன் எண் போட்ட கடிகாரம் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்துப் படித்தார். கடிகாரம் பன்னிரண்டோடு நின்றுவிடும் அல்லவா? மாதத்துக்குப் போதும், தேதிக்கு எங்கே போவது? பன்னிரண்டாம் தேதிக்கு மேல் பிறந்தவன் எவன் வந்தாலும், "மெஷின் ரிப்பேர் தம்பி" என்று அனுப்பிவிடுவார். பாதி மதுரை அப்படித்தான் திரும்பிப் போனது.

கடைசியில் மனைவி நாகஜோதிதான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் பத்தாவது முடித்தவர்.

"ஏங்க, இதுல ஒரு கம்பசூத்திரமும் இல்ல. V வீட்டுக்காரன். I மச்சினன். மச்சினன் பின்னாடி நின்னா வீட்டுக்கு ஒரு ஆள் கூட. முன்னாடி வந்து நின்னா ஒண்ணு கழிஞ்சுரும்."

"ஒங்கண்ணனத்தான சொல்ற?"

"எங்கண்ணன் எப்பவும் பின்னாடிதான். நீங்க எழுதுங்க."

எழுதினார். பால் பாக்கெட்டில், பஸ் டிக்கெட்டில், குளித்தால் சோப்பின் மேல்கூட. ஒன்பதும் பதினொன்றும் கைக்கு வந்த அன்று, கடை வாசலில் ‘ரோமன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டும் வைத்துவிட்டார்.

அந்தப் போர்டைப் பார்த்து வந்தவன்தான் மலைச்சாமி. இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன். மினி லாரியில் வாழைத்தார் ஏற்றுகிறவன். கல்யாண நாளை மறந்துவிட்டு மனைவி தாமரைச்செல்வியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, நேரே இங்கே வந்திருந்தான்.

"அண்ணே, இனிமே மறக்கவே கூடாது. ஒம்பது, ஆறு. வைகாசி முகூர்த்தம். வருசம் வேணாம், தேதியும் மாசமும் போதும். கொஞ்சம் பெருசாவே போடுங்க, வண்டி ஓட்டும்போது தெரியணும்."

ஜெயபாண்டி மெல்லிய தாளில் அழகாக எழுதினார். IX.VI. அதை மைத்தாளில் நகல் எடுத்துத்தான் தோலில் ஒட்ட வேண்டும். நகல் எடுக்கும்போது, அந்தப் பாழாய்ப் போன கை, ஸ்டிக்கர் வெட்டிய கை, தாளை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டது. ‘அம்மா’ என்றோ ‘முத்துமீனா’ என்றோ எழுதியிருந்தால் திரும்பிய எழுத்து கோணலாக நின்று காட்டிக்கொடுத்திருக்கும். இந்த எழுத்துகள் திரும்பினாலும் திருட்டுமுழி முழிக்காமல் நேராக நின்றன. ஊசி ஓடியது. மலைச்சாமி பல்லைக் கடித்த சத்தம் திருப்பரங்குன்றம் வரை கேட்டது.

அன்று சாயங்காலம் ஜெயபாண்டி அந்தக் கையைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்ததை நாகஜோதி பார்த்தார்.

"நாலு, பதினொண்ணா? ஐப்பசில என்னங்க விசேஷம் அவுகளுக்கு?"

ஜெயபாண்டி போனை வாங்கிப் பார்த்தார். IV.XI. கடைக்கு ஓடிப்போய்க் குப்பைக்கூடையில் இருந்த தாளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். இந்தப் பக்கம் வைகாசி. புரட்டினால் ஐப்பசி.

"போய்ச் சொல்லிருங்க" என்றார் நாகஜோதி.

"சொல்லிர்றேன். புண்ணு ஆறட்டும்."

புண் ஆறியது. இவர் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது, மலைச்சாமிக்கே வாசிக்கத் தெரியாது என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். போர்டை மட்டும் உள்ளே எடுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஆனால் மலைச்சாமி விட்டால்தானே? அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, கையைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, சும்மா மின்னுதுண்ணே!" என்று ஒரு சீப்புப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போவான். வீடு முழுக்க வாழைப்பழம். நாகஜோதி பழத்தைத் தொடவே இல்லை. ஜெயபாண்டி ஒன்றை உரித்து வாயில் வைத்தார். பூவன் பழம், தேனாக இருந்திருக்கும். அவருக்கு அது வேப்பங்கொட்டையாகத்தான் இறங்கியது.

பிறகு ஒருநாள் மலைச்சாமி பழம் இல்லாமல் வந்தான். முகம் ஒரு மாதம் பட்டினி கிடந்தது போல இருந்தது.

"அண்ணே, தாமரை வாடிப்பட்டிக்கு அவ அப்பா வீட்டுக்குப் போயிட்டாண்ணே. கையில இருக்குறது நம்ம கல்யாண நாளே இல்லையாம். ‘நவம்பர் நாலு எவ பொறந்தா’ன்னு கேக்குறா. சத்தியமா எனக்கு எவளயும் தெரியாதுண்ணே! நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. குத்துனவர் சொன்னா நம்புவா. நீங்கதான ஸ்பெஷலிஸ்ட்டு?"

தன் மேல் ஒரு சின்னச் சந்தேகமாவது படுவான் என்று ஜெயபாண்டி அவன் கண்ணைப் பார்த்தார். இல்லை. ஒரு தூசிகூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. லாரியில் ஏறி உட்கார்ந்தார். போகிற வழியெல்லாம், ‘சொல்லிவிடுவோம், சொல்லிவிடுவோம்’ என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார்.

வாடிப்பட்டி வீட்டில் மாமனார் உக்கிரபாண்டி உட்கார்ந்திருந்தார். மீசையின் ஒரு முனை வாடிப்பட்டியில், மறுமுனை சோழவந்தானில். அதைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் ஆவியாகிவிட்டது.

"நீதான் குத்துனவனா? சொல்லுப்பா. என்ன தேதி அது?"

ஜெயபாண்டி வாயைத் திறந்தார். உண்மை தொண்டை வரை வந்தது. அதை முந்திக்கொண்டு பொய் குதித்தது.

"அய்யா, இது ஒரிஜினல் ரோமன். உருது போர்டு பாத்துருப்பீகள்ல? அதுமாதிரி வலப்பக்கமிருந்துதான் வாசிக்கணும். பள்ளிக்கூடத்துல நம்ம வசதிக்கு மாத்திச் சொல்லிக்குடுத்துட்டாங்க."

தாமரைச்செல்வி எழுந்து வந்து, புருசன் கையில் விரலை வைத்து வலமிருந்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள். ஒன்பது. புள்ளி. ஆறு. முகம் சுருங்கிவிட்டது.

"அய்யோ, நான் என்னென்னமோ பேசிட்டேனே" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மலைச்சாமியும் அழுதான். உக்கிரபாண்டி துண்டால் மூக்கைச் சிந்திவிட்டு, "ஏ, கோழிய அடிங்கப்பா" என்றார்.

இலை போட்டார்கள். ஜெயபாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குடும்பம் சேர்ந்துவிட்டதே, இனி என்ன என்று மனதைத் தட்டிக்கொடுத்துப் பார்த்தார். தப்பே செய்யாத பிள்ளை தன்னைத்தானே திட்டிக்கொண்டு பரிமாறுகிறாளே என்று அது மறுபடி எழுந்து உட்கார்ந்தது. "ஏண்ணே கறி வேகலையா?" என்று அவள் கேட்டபோது அவரால் நிமிர முடியவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் மனுசன் சோற்றைப் பிசைந்துகொண்டே காலத்தை ஓட்டியிருப்பார். அந்த வாரமே புருசனும் பெண்டாட்டியுமாகக் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணே, எனக்கும் போடுங்க" என்று தாமரைச்செல்வி கையை நீட்டினாள். "இவரு கையில இருக்குற மாதிரியே. ஒரிஜினல். ஊருல எவளாவது கேட்டா, வலப்பக்கமிருந்து வாசிடின்னு சொல்லுவேன்."

நாகஜோதியும் அங்கேதான் இருந்தார். புருசனையே பார்த்தார்.

ஜெயபாண்டி தாளை எடுத்தார். IV.XI என்று எழுதினார். இந்த முறை கை தானாகச் செய்யவில்லை, தெரிந்தே எழுத வேண்டியிருந்தது. மையை ஊற்றினார். மெஷினைப் போட்டார், அது தேனீக்கூடு மாதிரி இரைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊசி தோலுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

மெஷினை நிறுத்தினார்.

"தங்கச்சி, வலப்பக்கமும் இல்ல, ஒரு பக்கமும் இல்ல. நீ மொதல்ல வாசிச்சதுதான் சரி. தாளத் திருப்பிப் போட்டுட்டேன். குத்துன அன்னைக்கே எனக்குத் தெரியும்."

மலைச்சாமி தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

"கை கெடக்கட்டும்ணே. இவ என்னைய விட்டுட்டுப் போனான்னு ஒங்ககிட்ட வந்து நின்னேன்ல? அப்பக்கூடச் சொல்லலயே."

"அழிச்சுத் தாரேன் மலைச்சாமி. மேல பூ போட்டு மறைச்சிரலாம், காசு வேணாம்."

"இனி என் கையத் தொடாதீக" என்று சொல்லிவிட்டு வெளியே போய் லாரியில் ஏறிக்கொண்டான்.

தாமரைச்செல்வி எழுந்திருக்கவில்லை. அழுதாள், ஆனால் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"எனக்குச் சரியாப் போடுங்க. மதினி பக்கத்துல நின்னு பாக்கட்டும்."

நாகஜோதி தாளைப் பிடித்துக்கொண்டார். ஜெயபாண்டி குத்தினார். அவ்வளவு சின்ன வேலைக்கு அவ்வளவு நேரம் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். IX.VI. முடிந்ததும் அவள் எழுந்து, "எங்க அப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஜெயபாண்டி தனியாக வாடிப்பட்டி பஸ் ஏறினார். போய்ச் சொன்னார். உக்கிரபாண்டி திட்டவில்லை, அடிக்கவில்லை. "சாப்புட்டுப் போ" என்றுகூடச் சொல்லவில்லை. மலைச்சாமியின் லாரி இப்போது அந்தக் கடைத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறது.

"இதுக்குத்தான் சொல்றது, வாயத் தொறந்துருக்கவே கூடாது!" என்று, இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த காளை டீக்கடை பெஞ்சிலிருந்து குதித்து எழுந்தான். "சேந்து இருந்த குடும்பத்துல போய் எதுக்கு உண்மை?"

"போடா கூறுகெட்டவனே!" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு. "அந்தப் புள்ள கையிலயும் ஐப்பசியக் குத்தச் சொல்றியா?"

"கையில என்னக்கா இருக்கு? மனசுல வைகாசி இருந்தாப் போதாதா?"

"மனசுல இருந்துருந்தா அவன் ஏன்டா மறக்குறான்?" என்று பக்கத்தில் இருந்த அசோக்குமார் குறுக்கே விழுந்தான். "தப்பு பூரா மலைச்சாமி மேலதான்!"

"ஏலே, குத்துனவன விட்டுட்டுக் குத்துப்பட்டவனச் சொல்றியா?" என்று காளை அவன் பக்கம் திரும்பினான்.

"யாரப் பாத்துடா ஏலேங்குற?"

"ஒன்னத்தான்! ஒன் கல்யாணம் எப்பன்னு சொல்லு, பாப்போம்!"

"அத எதுக்குடா இழுக்குற? டேய், சட்டைய விட்றா!"

"ரெண்டு பேரும் கிளாஸக் கீழ வச்சுட்டு அடிச்சுக்கங்கடா!" என்று தங்கப்பொண்ணு கத்துவதற்குள் பெஞ்சு சாய்ந்துவிட்டது.