கோழிகளை விட்டுவிட்டு ஒரு சூதாட்ட விடுதிக்கு

கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேல் நானும் அவரும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. உங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று கேட்கிறார்கள். சண்டை ஒன்றுமில்லை. கோழிதான் காரணம்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக் கோழிப் பண்ணை இருந்தது. கோழியை நம்பிப் பிழைக்கிறவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். தீவன லாரி சொன்ன நேரத்துக்கு வராது. கோடையில் கரண்ட் போய், கூரையில் தண்ணீர் தெளிப்பது நின்றுவிட்டால் ஒரு மத்தியானத்துக்குள் கோழிகள் சுருண்டு விழுந்துவிடும். அதனால் எப்போதும் எங்களில் ஒருவர் பண்ணையில் இருப்போம். உறவில் கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்காலம் அவர் போய்த் தலைகாட்டிவிட்டு வந்துவிடுவார். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு நான் போவேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற கல்யாணப் படம் வேண்டுமென்றால் எங்கள் கல்யாண ஆல்பத்தைத்தான் எடுக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால், எங்களுக்குத் தீவன மருந்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, பண்ணைக்காரர்களை மனைவியோடு மலேசியாவுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னது. மூன்று ராத்திரி. மலை உச்சியில் பெரிய நட்சத்திர விடுதி. அழைப்புச் சொல்ல வந்த கம்பெனிப் பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு, “கீழ்த் தளத்துல கேசினோ இருக்குமுங்க. ஆடோணும்னு கட்டாயமெல்லாம் இல்லீங்க” என்றான்.

“சீட்டாடற எடமா? அங்க எனக்கென்ன வேல?” என்றார் அவர்.

என் கொழுந்தனார் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். அவர்தான் விடவில்லை. “அண்ணா, அண்ணியக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா. கோழிய நான் பாத்துக்க மாட்டனா? அது முட்ட வெக்கறதுக்கு உம் மொகத்தப் பாக்கோணுமா?” என்று சத்தம் போட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

கோலாலம்பூரில் இறங்கி, பஸ்ஸில் மலை ஏறினோம். வளைவு வளைவாகப் பாதை போனபோது, அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறுகிற மாதிரியே இருந்தது. எங்களோடு வந்த திருச்செங்கோட்டு அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மேலே போனால் ஏற்காடு மாதிரி ஏரியும் காப்பித் தோட்டமும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேகத்துக்குள்ளிருந்து கட்டடங்கள் எழுந்து நின்றன. எத்தனை மாடி என்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்துதான் வலித்தது.

அவ்வளவு பெரிய விடுதியில் வரவேற்பு எப்படி இருக்கும் என்று மனதுக்குள் ஏதேதோ கற்பனை செய்து வைத்திருந்தேன். உள்ளே சேலம் புது பஸ் ஸ்டாண்டு மாதிரி கூட்டம், வரிசை, பெட்டி இழுக்கிற சத்தம். ஆனால் தரை மட்டும் முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. எங்கே பார்த்தாலும் ஒரே பூ வாசனை. பூவைத்தான் காணவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள். முன்பணம் பிடித்துவைப்பார்கள், போகும்போது திருப்பிக் கொடுப்பார்கள் என்று கம்பெனிப் பையன் சொன்னான். சாவிக்குப் பதிலாக ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டினால்தான் லிஃப்டே நகர்ந்தது. அறைக்குள் போய்ச் சுவரில் ஒரு பொந்தில் அதைச் செருகினால்தான் விளக்கு எரிந்தது.

அறையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜில் எதை எடுத்தாலும் தனியாகக் காசு என்று அந்தப் பையன் எச்சரித்திருந்தான். அவர் முதல் வேலையாக எங்கள் பெட்டியைத் தூக்கி அதன் கதவுக்கு முன்னால் வைத்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில், வெள்ளைத் துப்பட்டி கசங்காமல் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை. கீழே வரவேற்பறையில் மட்டும்தான் பேச முடியும் என்றார்கள்.

“கரண்ட் கிரண்ட் போச்சுன்னா தம்பி எப்பிடிச் சொல்லுவான்?” என்றார்.

“ஜெனரேட்டர் இருக்குதில்லீங்க.”

“டீசல் இருக்குதான்னு பாத்தனா, பாக்கலியான்னு நெனப்பே இல்ல.”

அன்று முழுக்க அவர் உடம்புதான் மலை மேல் இருந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் போனோம். சுற்றி வரவே கால் வலிக்கிற அளவுக்குப் பண்டங்கள். இட்லியும் சாம்பாரும்கூட ஒரு மூலையில் இருந்தன. ஒரு பக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர் அடுப்பை வைத்துக்கொண்டு, வரிசையில் வருகிறவர்களிடம் முட்டை எப்படி வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் போட்டுக் கொடுத்தார். எங்கள் முறை வந்தது. சமையல்காரர் கேட்டதும் என் வீட்டுக்காரர் திகைத்துவிட்டார். எங்கள் வீட்டில் ஓட்டில் விரிசல் விட்டதைத்தான் சமையலுக்கு எடுப்போம். நான் எதைச் செய்து வைக்கிறேனோ அதைச் சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய்விடுவார். வாழ்நாளெல்லாம் லாரி லாரியாக முட்டை ஏற்றி அனுப்பின மனுசரிடம், உனக்கு முட்டை எப்படி வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, “எப்பிடின்னு சொல்றது?” என்றார். வெங்காயம், பச்சை மிளகாயை நான் கையால் காட்டினேன். அந்த ஆம்லெட்டை அவர் சின்னச் சின்னத் துண்டாகப் பிட்டு, அவசரப்படாமல் சாப்பிட்டார்.

பிறகு எல்லோரையும் கேசினோவுக்குள் கூட்டிப் போனார்கள். வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். பைகளை வெளியே வைக்கச் சொன்னார்கள். படம் எடுக்கக் கூடாது என்றார்கள். ராசிபுரத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ரப்பர் செருப்போடு வந்துவிட்டார். அவரைத் திருப்பி அனுப்பி, ஷூ போட்டுவரச் சொன்னார்கள். உள்ளே ஜன்னல் இல்லை. சுவரில் எங்கேயும் கடிகாரம் இல்லை. வெளியே வெயிலா மழையா, பகலா இரவா என்று தெரியாது. பெட்டி பெட்டியாக மெஷின்கள் விளக்கெரிந்து பாடிக்கொண்டிருந்தன. ஆடுகிறவர்கள் மட்டும் சத்தமே இல்லாமல் இருந்தார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம். சினிமாவில் காட்டுகிற கும்மாளம் எதுவும் இல்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி ஆளுக்கொரு விளையாட்டு அட்டை கொடுத்தது. மெஷினில் செருகி, அதில் போட்டிருக்கிற அளவுக்கு ஆடலாம். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “முட்ட வெல நாளைக்கு ஏறுமா எறங்குமான்னு தெனமும் ஆடறமே, அது பத்தாதா?” என்றார். மற்ற பண்ணைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மற்றவர்கள் கம்பியில் தொங்கிப் போகிற கயிற்று வண்டியில் போகக் கிளம்பினார்கள். குளிரில் எனக்குத் தலை பாரமாக இருந்தது. நான் வரவில்லை என்றேன். அவரும் தங்கிவிட்டார். “கீழ போயி தம்பிகிட்ட ஒரு வார்த்த பேசிப்போட்டு வந்தர்றேன். நீ படுத்திரு அம்மிணி” என்று போனார்.

ஒரு தூக்கம் தூங்கி எழுந்தேன். அவர் வரவில்லை. தாழ்வாரத்தில் வருகிறாரா என்று எட்டிப் பார்க்கலாம் எனக் கதவைத் திறந்து இரண்டெட்டு வைத்தேன். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. என் சாவி அட்டை உள்ளே சுவர்ப் பொந்தில் இருந்தது. போன், பாஸ்போர்ட், செருப்பு எல்லாம் உள்ளே. அறையில் போட்டுக்கொள்ளக் கொடுத்திருந்த காகிதம் மாதிரிச் செருப்புதான் காலில். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரிக் கம்பளம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறைகளைச் சுத்தம் செய்கிற பெண் ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் புடவையைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே, “என்னாக்கா, வெளிய மாட்டிக்கிட்டீங்களா?” என்றாள். அந்த நிமிடம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளால் கதவைத் திறந்துவிட முடியாதாம், கீழே போய்த்தான் கேட்க வேண்டுமாம். வண்டியை ஓரமாக விட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

கீழே போய்க் கேட்டால், அறை அவர் பெயரில் இருந்தது. நான் அவர் மனைவிதான் என்று எப்படி நம்புவது? மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு அவர் பிறந்த தேதியைக் கேட்டாள். கூட வந்த பெண் அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். நான் உடனே சொன்னேன். மேசைப் பெண் தலையை ஆட்டினாள். இல்லையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் புருசன் பிறந்த நாள் எனக்குத் தெரியாதா? அப்புறம்தான் உறைத்தது. நான் சொன்னது அவர் நிஜமாகப் பிறந்த நாள். பாஸ்போர்ட்டில் இருப்பது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொண்ட தேதி. அதைச் சொன்னேன். ஒருத்தருக்கு எப்படி இரண்டு தேதி என்று அவள் விழித்தாள். கூட வந்த பெண் சிரித்துக்கொண்டே, “எங்க அப்பாவுக்கும் ரெண்டு பொறந்த நாளுதான்” என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் பாஷையில் என்னவோ விளக்கினாள். காவல்காரர் ஒருவர் எங்களோடு மேலே வந்து, கதவைத் திறந்து, என் பாஸ்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் அட்டை என் கைக்கு வந்தது.

“அவரக் காணமே” என்றேன் அவளிடம்.

“கேசினோவுல பாருங்கக்கா. லிஃப்டுக்குப் போற வழியே அதச் சுத்தித்தான் வரும். எல்லாரும் அங்கதான் காணாமப் போவாங்க.”

செருப்பை மாற்றிக்கொண்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, அவள் பெயரைக்கூடக் கேட்காமல் ஓடினேன்.

அவள் சொன்னபடியேதான். ஒரு வரிசையின் கடைசியில், சீனப் பெரியவர் ஒருவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனி கொடுத்த அட்டை மெஷினில் செருகியிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு, சுற்றுகிற படங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியவரும் சிரித்தார். இருவருக்கும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. எனக்கு வந்த கோபம், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது.

“எங்கீங்க போனீங்க? நான் எப்பிடித் தவிச்சுப் போயிட்டேன் தெரியுமா?”

“வழி தெரியல அம்மிணி. சுத்திச் சுத்தி இங்கயே கொண்டாந்து உட்டுருது. சரி, போகுதுன்னு ஒக்காந்துட்டேன். நீயும் ஒக்காரு.”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் பட்டபாட்டைச் சொன்னேன். இரண்டு பிறந்த நாள் கதையைக் கேட்டு இன்னும் சிரித்தார். பிறகு மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்:

“தம்பிகிட்ட பேசினேன். எல்லாம் நல்லாருக்குதாம். நேத்தைக்கும் இன்னைக்கும் முட்ட ஒண்ணுகூடக் கொறையலயாம்.”

“நல்லதுதானுங்க.”

“நல்லதுதான். ஆனா, நாம இல்லாட்டியும் அதும்பாட்டுக்கு நடக்குதே அம்மிணி. அப்பறம் என்னத்துக்கு இத்தன வருசமா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு ஓடினோம்?”

அவருக்குச் சந்தோசமா வருத்தமா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். “இந்தா, நீ அமுத்து” என்று பொத்தானைக் காட்டினார். அழுத்தினேன். அட்டையில் இருந்தது தீர்கிற வரைக்கும் மாறி மாறி அழுத்தினோம். ஒன்றும் விழவில்லை. பெரியவர் எங்களுக்காக உச்சுக்கொட்டினார்.

வெளியே வந்தபோது இன்னும் பகல்தான். மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. தரை ஈரமாக இருந்ததால் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கடையில் பால் டீ வாங்கிக் குடித்தோம். எங்கள் ஆட்கள் கயிற்று வண்டியிலிருந்து இறங்கி வந்தார்கள். திருச்செங்கோட்டு அக்கா, “என்ன, புதுப் பொண்ணு மாப்பிள்ளையாட்டம்!” என்று கேலி செய்தாள். அவர் கையை விடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாரமே முட்டை விலை சரிந்தது, மோட்டார் எரிந்தது. ஆனால் அடுத்து வந்த கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, “நீயும் கெளம்பு, தம்பி பாத்துக்குவான்” என்றார். அன்றிலிருந்து சேர்ந்தே போக ஆரம்பித்தோம். மண்டபத்தில் எங்களைப் பார்த்து, “அட, ரெண்டு பேருமா!” என்று வாயைப் பிளக்காதவர்கள் இல்லை.

இப்போது பண்ணையைக் கொழுந்தனார் மகன் பார்த்துக்கொள்கிறான். நாங்கள் அஸ்தம்பட்டியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மலேசியாவுக்குப் பிறகு அந்த மலை விடுதியைவிட நல்ல விடுதிகளில்கூடத் தங்கிவிட்டோம். மருமகன் போனிலேயே எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுகிறார். அறைக் கதவும் போனிலேயே திறக்கிறது. எதுவும் கஷ்டமில்லை. அப்படிப்பட்ட அறைகளில் படுத்திருக்கும்போது, அந்த மலையும் மேகமும் எனக்கு ஞாபகம் வரும். அந்த மூன்று நாளும் எங்களை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. அந்தச் சுகம் பிறகு வரவேயில்லை.

போன மாதம் ஜேடர்பாளையத்துக்குப் போயிருந்தோம், ஒரு காரணமும் இல்லாமல். காவிரித் தடுப்பணையில் தண்ணீர் நிறைய இருந்தது. மீன் வறுவல் வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் சாப்பிட்டுவிட்டு, துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனார். எழுப்ப வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. வெயில் அவர் முகத்துக்கு வந்தபோது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, என் நிழலை அவர் மேல் விழவைத்தேன்.