எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

போலீஸ் உத்தியோகத்தில் திருடனைக்கூடப் பிடித்துவிடலாம், சாலையைக் கட்டி மேய்ப்பதுதான் பெரும்பாடு. வெயிலில் நின்று சம்பளம் வாங்கியவர்களுக்கு இது புரியும். சமஸ்தான காலத்தில், புதுக்கோட்டைக்குள் அன்னவாசல் சாலை நுழையும் இடத்தில் எனக்கு டியூட்டி. முனிசிபல் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நகர போலீஸ் அதிகாரம். அந்தப் பக்கம் என் விசிலுக்குக் காக்காய்கூடத் திரும்பாது.

தூக்கம்

மாட்டுக்கு வழி தெரியும் என்று வண்டிக்காரர்கள் வழியெல்லாம் தூங்கி வருவார்கள். ஊருக்குள் அது குற்றம். வைக்கோல் வண்டியில் வந்த பெரியவர் ஒருவரைத் தட்டி எழுப்பிச் சட்டத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இறங்கினார். மாடுகளை ஊருக்குள் ஓட்டிவிட்டு, கல்லைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தடியில் துண்டை விரித்தார்.

“ஊருக்குள்ள தூங்குனாத்தானே குத்தம் ஏட்டய்யா? அதுக போகட்டும், நான் பைய வாரேன்.”

தகடு

ஊருக்குள் வரும் வண்டிக்கு வரி கட்டி வாங்கிய முனிசிபல் தகடு வேண்டும். இல்லாவிட்டால் பிடித்து ஸ்டேஷனில் கட்டிவிடுவோம். ஒரு மத்தியானம், இளவயதுக்காரர் ஒருவர் கல்லுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, பிரசவ வலியில் துடித்த மனைவியைக் கையில் தூக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிவரை அப்படியே நடக்கப் போகிறாராம். ஏன் என்று கேட்டேன்.

“தகடு இல்லைங்க. நடுவழியில வண்டியைப் புடிச்சுக்கிட்டீங்கன்னா இவ என்னங்க செய்வா?”

ஆஸ்பத்திரி வாசல்

என் சிவப்புத் தலைப்பாகை மேல் எனக்கே வெறுப்பு வந்தது. அந்தப் பெண்ணை வண்டியில் படுக்கவைக்கச் சொல்லி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, விசில் ஊதிக்கொண்டே முன்னால் ஓடினேன். கடைவீதி முனையில் எங்கள் இன்ஸ்பெக்டர் நின்றார். தகடில்லாத வண்டியைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, எங்களுக்கு வழிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தேன். எனக்குப் போக மனம் வரவில்லை. சாயங்காலம் அந்த இளவயதுக்காரர் அழுத கண்ணோடு வெளியே வந்து, மாடுகளை அவிழ்த்து, கயிற்றை என்னிடம் நீட்டினார்.

“பொம்பளப் புள்ளைங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இப்ப வண்டியைப் புடிச்சுக்கங்க.”

மாடுகளை மறுபடி பூட்டச் சொல்லி, கல்லுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடிவரை கூடவே நடந்தேன். குற்றவாளியைக் குற்றம் செய்த வண்டியோடு எல்லை தாண்டித் தப்பவிட, போலீஸ்காரனே வழித்துணை போன கேஸ் எங்கள் ஸ்டேஷனில் அது ஒன்றுதான்.